திருகோணமலையில் இருப்பவரைத் தூரத்திலிருந்து விசாரிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து ஹோட்டல்கள், சீனன்குடாப் பக்கத்துத் தொழிற்சாலைகள், நகரத்தில் கிளை வைத்திருக்கும் நிதி நிறுவனங்கள் என்று எடுத்துக்கொண்டால், பலவற்றுக்குத் தலைமை அலுவலகம் கொழும்பில்தான். ஊழியர் ஒருவர் மேல் முறைப்பாடு வந்தால் முன்பெல்லாம் அங்கிருந்து ஒரு அதிகாரி இரவு ரயிலேறி வருவார், இல்லாவிட்டால் இங்கிருப்பவர்களை அங்கே கூப்பிடுவார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் அது நின்றது. 2022 இல் டீசல் இல்லாமல் போனபோது மறுபடியும் நின்றது. அதற்குப் பிறகு பழக்கமாகிவிட்டது. இப்போது கடிதத்தோடு காணொளி விசாரணைக்கான ஒரு லிங்க் வருகிறது.

திருகோணமலையில் இருந்துகொண்டு இப்படியான விசாரணைகளை நடத்தியிருக்கிறேன். மற்றவர்கள் நடத்தியவற்றின் பதிவுகளையும் வாசித்திருக்கிறேன். ஹோட்டல் முகாமையாளர்களும் மனிதவளப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களும், சில நேரம் குற்றம் சாட்டப்பட்டவர்களும் என்னிடம் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

எல்லா விசாரணையையும் ஸூமில் நடத்தலாமா?

இல்லை. கடிதங்கள், கணக்குப் பதிவுகள், மின்னஞ்சல், வருகைப் பதிவு ஆகியவற்றை வைத்துத் தீர்க்கக்கூடிய விஷயங்களைத் தாராளமாக நடத்தலாம். கையிருப்பில் பொருள் குறைகிறது என்றால் யாராவது ஸ்டோர்ஸுக்குள் நின்று எண்ணித்தான் ஆக வேண்டும். சமையலறையில் யார் எங்கே நின்றார், அங்கிருந்து களஞ்சியக் கதவு தெரியுமா என்பதுதான் கேள்வி என்றால், இடத்தைப் பார்க்காமல் எழுதும் அறிக்கைக்கு எதிர்த்தரப்பின் முதல் குறுக்குக் கேள்வியிலேயே பதில் இருக்காது.

இன்னொன்று: ஒருவருடைய வேலையே போகப்போகிறது, எல்லாம் இரண்டு பேருடைய வாய்வார்த்தையில் நிற்கிறது என்றால் நேரில் போங்கள். கொழும்பிலிருந்து எட்டு மணி நேரப் பயணம் ஒரு மனிதனின் பதினைந்து வருட வேலையை விடப் பெரிதில்லை. ஆரம்பத் தகவல்களைக் காணொளியில் எடுத்துக்கொண்டு முக்கியமான ஒரு நாளுக்கு மட்டும் இங்கே வரலாம். நான் பார்த்ததில் நன்றாக நடந்தவை பெரும்பாலும் இப்படிக் கலந்து நடந்தவைதான்.

பூர்வாங்க விசாரணையும் ஒழுக்காற்று விசாரணையும் ஒன்றா?

இரண்டும் வேறு. முதலாவதில் என்ன நடந்தது என்று தேடுகிறீர்கள். அதில் கிடைத்ததை வைத்து விளக்கம் கேட்டுக் கடிதம் அல்லது குற்றச்சாட்டுப் பத்திரம் கொடுக்கிறீர்கள். பதில் திருப்தி இல்லை என்றால்தான் ஒழுக்காற்று விசாரணை. முதலாவதை நடத்தியவரே இரண்டாவதிலும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. தூரத்தில் நடத்தும்போது இது சுலபமாகக் குழம்பும். 'தகவல் கேட்கத்தான்' என்று அழைத்த ஸூம் கூட்டம் அரை மணி நேரத்தில் குறுக்கு விசாரணையாக மாறிவிடும். அழைப்பிலேயே இது எந்தக் கட்டம் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

சாட்சி சொல்பவர் எங்கே உட்கார வேண்டும்?

தூரத்து விசாரணையில் மிக முக்கியமான கேள்வி இதுதான். மிகக் குறைவாகக் கேட்கப்படுவதும் இதுதான்.

நான் விசாரணை அதிகாரியாக இருந்த ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். கடற்கரை ஹோட்டல் ஒன்றில் அறை துப்புரவு செய்யும் பெண் ஒருவர் சாட்சி. அவரிடம் லப்டொப் இல்லை, போனில் டேட்டாவும் குறைவு. ஹோட்டலிலேயே ஓர் அறை தருகிறோம் என்றார்கள், நானும் சரி என்றேன். எல்லாவற்றுக்கும் "தெரியாது சேர், நான் காணேல்லை" என்றே பதில் சொன்னார். அவர் உட்கார்ந்திருந்தது அவருடைய மேற்பார்வையாளரின் அறையில் என்பதும், கதவு திறந்தே இருந்ததும், முறைப்பாடே அந்த மேற்பார்வையாளரின் சகோதரன் மேல்தான் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அவர் வாக்குமூலத்தை ஒதுக்கிவிட்டு, ஒரு வாரம் கழித்து அவருக்குத் தெரிந்த ஒருவரின் வீட்டில் வைத்து மறுபடி எடுத்தோம். அன்று அவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். முதல் நாள் கேட்காமல் விட்டது என் தவறு. அந்தப் பிழையை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு, குறித்த திகதிக்கு மூன்று நாள் இருக்கும்போதே சாட்சியோடு தொலைபேசியில் பேசுவேன். வீட்டில் தனியாக இருக்க முடியுமா? சுவர் எவ்வளவு மெல்லியது? பக்கத்து வீட்டில் யார், கொம்பனி ஆளா? இங்கே பல வீடுகளில் ஒரு அறையில் நாலு பேர். மாமியாரும் பிள்ளைகளும் இருக்கும் வீட்டில் ஒரு பெண் தனக்கு நடந்ததைச் சொல்ல மாட்டாள். நிறுவனத்தோடு சம்பந்தமில்லாத ஓர் இடத்தை நிறுவனத்தின் செலவில் ஏற்பாடு செய்யுங்கள்: ஒரு பயிற்சி நிலையத்தின் வகுப்பறை, வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகம், வேறொரு ஹோட்டலின் சிறு கூட்ட அறை. மூதூரில் இருந்தோ கிண்ணியாவில் இருந்தோ வருபவருக்குப் போக்குவரத்துப் பணமும் அந்த நாள் சம்பளமும் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகலில் திகதி வைக்காதீர்கள். ஜும்மாவுக்குப் போக வேண்டியவர் அவசரத்தில் சொல்லும் சாட்சி அரைகுறையாகத்தான் இருக்கும்.

கரண்ட் போனால், சிக்னல் அறுந்தால் என்ன செய்வது?

வடகீழ்ப் பருவமழை காலத்தில், ஒக்டோபர் கடைசியில் இருந்து ஜனவரி வரைக்கும், அறுபடும் என்று எண்ணிக்கொண்டே திட்டமிடுங்கள். கரண்ட் போனால் வீட்டு ரூட்டரும் போகும். போன் டேட்டா கொஞ்ச நேரம் தாக்குப் பிடிக்கும். ஆகவே மாற்று வழியாக ஒரு தொலைபேசி இலக்கத்தை முன்கூட்டியே குறித்து வையுங்கள்.

அறுந்த நேரத்தையும் திரும்ப வந்த நேரத்தையும் பதிவில் எழுதுங்கள். திரும்பியதும் கடைசியாகக் கேட்ட கேள்வியையும் கடைசியாகக் காதில் விழுந்த பதிலையும் வாசித்துக் காட்டி, "இதுதானே சொன்னீர்கள்?" என்று கேளுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் இணைப்பு அறுந்திருக்கும்போது சாட்சியைத் தொடர்ந்து பேச விடவே கூடாது. ஐந்து நிமிடம்தானே என்று நினைக்கத் தோன்றும். அவருக்கு எதிரான சாட்சியம் அவர் காதில் விழாமல் போன அந்த ஐந்து நிமிடம் முழு விசாரணையையும் கெடுத்துவிடும். இலவச ஸூம் கணக்கு 40 நிமிடத்தில் கூட்டத்தை முடித்துவிடும்; ஒரு மனிதன் அழுதுகொண்டு பேசும் நேரத்தில் அது நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். கட்டணக் கணக்கு வாங்குங்கள்.

சாட்சி மறுபடி மறுபடி அறுபட்டால் அது அவருடைய குற்றமில்லை. "சமுகமளிக்கவில்லை" என்று எழுதாதீர்கள். வேறு திகதி கொடுங்கள்.

எந்த மொழியில் நடத்துவது?

அவர் யோசிக்கும் மொழியில். கொழும்பிலிருந்து வரும் குற்றச்சாட்டுப் பத்திரம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும், விசாரணை அதிகாரி சிங்களத்தில் கேட்பார், பதில் தமிழில் வரும், பதிவு மறுபடியும் ஆங்கிலத்தில் போகும். மூன்று முறை கைமாறிய ஒரு வாக்கியத்தை வைத்து ஒருவரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தமிழ் ஊழியருக்கு மட்டுமில்லை, கந்தளாயிலிருந்து வேலைக்கு வரும் சிங்கள ஊழியரைத் தமிழ் அதிகாரி விசாரிக்கும்போதும் இதே கதைதான்.

மொழிபெயர்ப்பாளர் வேண்டும், அவர் அதே கிளையில் வேலை செய்பவராக இருக்கக் கூடாது. காணொளியில் ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேசினால் ஒன்றும் விளங்காது. இரண்டு மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்தச் சொல்லுங்கள். முக்கியமான பதில்களைச் சொன்ன மொழியிலேயே, சொன்ன சொற்களிலேயே பதிவில் எழுதி, அதன் கீழே மொழிபெயர்ப்பைப் போடுங்கள். "எடுத்தனான்" என்று ஒருவர் சொன்னால் அது திருடினேன் என்றும் ஆகலாம், கேட்டு வாங்கினேன் என்றும் ஆகலாம். மொழிபெயர்ப்பில் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சும்.

அழைக்கும் முறையும் மொழியில் சேர்ந்ததுதான். ஐம்பது வயது தோட்டக்காரரை வேலைத்தளத்தில் எல்லோரும் 'ஐயா' என்றோ 'அண்ணை' என்றோ கூப்பிடுவார்கள். விசாரணையில் மட்டும் முப்பது வயது அதிகாரி பெயர் சொல்லி 'நீ' என்றால் அவர் அந்த நிமிடமே வாயை மூடிக்கொள்வார்.

பக்கத்தில் துணைக்கு யாராவது இருக்கலாமா?

குற்றம் சாட்டப்பட்டவர் சார்பில் ஒருவர், சக ஊழியரோ தொழிற்சங்கப் பிரதிநிதியோ, இருக்க நிறுவனத்தின் விதிகள் இடம் கொடுத்தால் தூரத்து விசாரணையிலும் கொடுக்க வேண்டும். இருவரும் தனியாகப் பேச இடைவேளையும் வேண்டும். ஒருவர் கிண்ணியாவிலும் மற்றவர் நகரத்திலும் இருந்தால் அவர்களுக்குத் தனி அறையோ தொலைபேசி அழைப்போ தேவை.

சாட்சிகள் விஷயம் வேறு. அவர்கள் பக்கத்தில் யாரும் இல்லை என்று தெரிய வேண்டும். தொடக்கத்தில் கமராவை மெதுவாக அறையைச் சுற்றிக் காட்டச் சொல்வது சரிதான், ஆனால் அதை எல்லோரிடமும் கேளுங்கள், முகாமையாளரிடமும். ஒருவரிடம் மட்டும் கேட்டால் அது சந்தேகப்படுவதாகிவிடும்.

விசாரணையைப் பதிவு செய்யலாமா?

எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லி, சம்மதத்தைப் பதிவின் முதல் நிமிடத்தில் வாங்கிக்கொண்டு செய்யலாம். பதிவின் பிரதி ஒரே இடத்தில், இரண்டு பேர் மட்டும் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. ஒருவரின் முகமும் குரலும் அவரைப் பற்றிய குற்றச்சாட்டும் எங்கே கிடக்கிறது என்று நிறுவனம் பதில் சொல்லக்கூடிய நிலையில் இருக்க வேண்டும்.

ஒளிப்பதிவு இருந்தாலும் எழுத்துப் பதிவு தேவை. அதைத் திரையில் காட்டி வாசித்து, திருத்தி, ஒப்பம் வாங்க வேண்டும். இங்கே ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். வாக்குமூலத்தை மின்னஞ்சலில் அனுப்பி "அச்சடித்துக் கைச்சாத்திட்டு அனுப்புங்கள்" என்கிறார்கள். வீட்டில் அச்சு இயந்திரம் இல்லாதவர் எங்கே போவார்? சந்தியில் உள்ள கொமினிகேஷனுக்கு. அந்தக் கடைப் பையனின் கணினியில் அந்தக் கோப்பு அப்படியே கிடக்கும். திருகோணமலை அவ்வளவு பெரிய ஊர் இல்லை. உறையில் போட்டு அச்சுப் பிரதியை நீங்களே அனுப்புங்கள், கையொப்பத்துடன் திருப்பி எடுங்கள்.

வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டை ஆதாரமாக எடுக்கலாமா?

தேடத் தொடங்குவதற்கு எடுக்கலாம். அதையே முடிவாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டில் மேலும் கீழும் வெட்டிவிடலாம். தொடர்பின் பெயரை யாருடைய பெயராகவும் மாற்றிச் சேமித்து, 'இவர் அனுப்பினார்' என்று காட்டலாம். ஆகவே போனையே கமராவுக்கு முன்னால் திறக்கச் சொல்லுங்கள். தொடர்பைத் தட்டி இலக்கம் தெரியட்டும். சம்பவத்துக்கு முன்னும் பின்னும் உள்ள உரையாடலை உருட்டிக் காட்டட்டும். அதன் பிறகு உரையாடலை ஏற்றுமதி செய்து கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். தானாக மறையும் செய்திகள் இயக்கத்தில் இருந்தால் அன்றைக்கே எடுக்க வேண்டும்.

புகைப்படத்தில் பலர் ஏமாறுகிறார்கள். வழக்கம்போல வாட்ஸ்அப்பில் அனுப்பும் படம் சுருக்கப்பட்டு, எடுத்த நேரம், இடம் போன்ற உள்விபரங்களை இழந்துவிடும். அதே படத்தை 'ஆவணம்' என்று தெரிவுசெய்து அனுப்பினால் மூலக் கோப்பாகவே வரும். சாட்சியிடம் இதை முதலிலேயே சொல்லிக்கொடுங்கள்.

நேரத்தையும் சரிபாருங்கள். மென்பொருள் பதிவுகள் சில உலகப் பொது நேரத்தில் (UTC) இருக்கும். அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். இரவு 11.40க்கு நடந்த ஒரு கணக்கு மாற்றம் பதிவில் மாலை 6.10 என்று தெரியும். இதைக் கவனிக்காமல், அந்த மாலையில் பணியில் இருந்த காசாளர் மேல் பழி போட இருந்ததைக் கடைசி நேரத்தில் நிறுத்தியிருக்கிறோம். சிசிடிவியின் கடிகாரமும் சரியாக இருக்க வேண்டுமென்றில்லை. ஒருவரை இயந்திரத்தின் முன் நிற்கவைத்து, திரையில் தெரியும் நேரத்தையும் கைத்தொலைபேசி நேரத்தையும் ஒரே படத்தில் எடுக்கச் சொல்லுங்கள். பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிவிடும், அதனால் முறைப்பாடு கிடைத்த அன்றே பிரதி எடுக்கச் சொல்ல வேண்டும். யாரிடம் சொல்கிறீர்கள் என்பதும் முக்கியம். முறைப்பாட்டில் பெயர் உள்ளவரிடம் அல்ல.

கமராவில் கண்ணைப் பார்க்கவில்லை, தடுமாறினார். பொய் சொல்கிறார் என்று எழுதலாமா?

வேண்டாம். முகத்தையும் நடத்தையையும் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிக்க முடியும் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2006 ஆம் ஆண்டின் ஆய்வொன்றில் மனிதர்கள் சரியாகச் சொன்னது சராசரியாக 54 சதவீதம். நாணயம் சுண்டிப் பார்த்தால் 50. அதுவும் திரையில், கமரா மேலே, முகம் கீழே. கண்ணைப் பார்ப்பவர் கமராவைப் பார்க்கவில்லை, கமராவைப் பார்ப்பவர் உங்களைப் பார்க்கவில்லை. மேலதிகாரி முன் தலை குனிந்து பேசுவது இங்கே மரியாதை. வேறு ஆவணத்தோடு பொருந்துகிறதா, முன்பு சொன்னதோடு பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பாலியல் தொந்தரவு முறைப்பாட்டை இப்படி விசாரிக்கலாமா?

முறைப்பாட்டாளர் விரும்பினால். சிலருக்கு, குற்றம் சாட்டப்பட்டவரோடு ஒரே அறையில் இருக்காமல் பேச முடிவது பெரிய நிம்மதி. சிலருக்கு ஒரு திரையைப் பார்த்து இதைச் சொல்வது முடியாத காரியம். முதலில் கேளுங்கள்.

ஒரு பெண் அதிகாரி குழுவில் இருக்கட்டும். நடந்ததை ஒரே தடவை முழுமையாகக் கேளுங்கள்; மனிதவளப் பிரிவு, பாதுகாப்புப் பிரிவு, பிறகு பொது முகாமையாளர் என்று நாலு லிங்கில் நாலு தடவை சொல்ல வைக்காதீர்கள். குறுக்குக் கேள்விகளை எழுத்தில் வாங்கி விசாரணை அதிகாரியே கேட்கலாம். இருவரும் வெவ்வேறு நேரத்தில் இணையலாம், ஆனால் முறைப்பாட்டின் சாரத்தைக் குற்றம் சாட்டப்பட்டவர் அறிந்து பதில் சொல்லும் வாய்ப்பு குறையக் கூடாது.

இது நிறுவனத்துக்குள் முடிகிற விஷயம் மட்டும் இல்லை. 1995 இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின்படி பாலியல் தொந்தரவு குற்றம், ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். பொலிஸுக்குப் போகும் உரிமை அவருக்கு இருக்கிறது என்று சொல்லுங்கள். 'விசாரணை முடியும் வரை பொறுங்கள்' என்று சொல்ல உங்களுக்கு உரிமையில்லை.

அரச ஊழியர்களுக்கும் இதே நடைமுறைதானா?

அவர்களுக்குத் தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதி, 48 ஆம் அத்தியாயம் வழிகாட்டுகிறது. குற்றச்சாட்டுப் பத்திரம், பதில் கொடுக்கும் காலம், எதிர்வாதத்துக்கு உதவும் உத்தியோகத்தர் எல்லாம் அதிலேயே உண்டு. அந்தப் படிகளில் ஒன்றைக் காணொளிக்காகத் தாண்ட முடியாது.

வேலையை விட்டு நீக்கினால் எதைக் கவனிக்க வேண்டும்?

தனியார் துறையில், வேலை நீக்கம் பற்றிய 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் பொருந்தும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணத்துக்காக நீக்கினால் அதற்கான காரணத்தை இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். 15 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. வாட்ஸ்அப் செய்தியில் ஒரு வரி போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள்.

நீக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போகலாம். நீக்கியது நியாயமே என்று அங்கே காட்ட வேண்டியது நிறுவனம். சபை சாட்சியங்களைப் புதிதாகவே கேட்கும், உங்கள் அறிக்கையை அப்படியே ஏற்காது. உங்கள் சாட்சிகள் அங்கே நேரில் நின்று குறுக்குக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டி வரும். அந்த அறை துப்புரவுப் பெண்ணை முதல் நாள் வாக்குமூலத்தோடு விட்டிருந்தால், இரண்டு வருடம் கழித்து அங்கே நின்று வேறு கதை சொல்லியிருப்பார். அப்போது பொய்சாட்சி என்ற பெயர் அவருக்குத்தான் வந்திருக்கும்.

எனக்கே லிங்க் வந்திருக்கிறது. நான் என்ன செய்ய?

முதலில் பயத்தில் வேலையை விட்டு எழுதிக் கொடுக்காதீர்கள். 'ராஜினாமா செய்தால் பிரச்சினை முடியும்' என்று தொலைபேசியில் யாராவது சொன்னால் அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

என்ன குற்றச்சாட்டு, எந்தத் திகதிச் சம்பவம், எந்த ஆவணங்களை வைத்துக் கேட்கப்போகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். விசாரணை அன்று திரையில் ஒரு பக்கத்தை இரண்டு விநாடி காட்டிவிட்டு 'பார்த்தீர்கள்தானே' என்றால், "இல்லை, வாசிக்க நேரம் வேண்டும்" என்று சொல்லலாம். கடிதம் விளங்காத மொழியில் இருந்தால் தமிழில் கேளுங்கள். தனியாக இருக்க இடமில்லை, நல்ல போன் இல்லை, டேட்டாவுக்குக் காசில்லை என்றால் அதையும் விசாரணைக்கு முன்பே எழுதுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, பிறகு சொன்னால் சாக்கு என்பார்கள்.

அலுவலக லப்டொப்பைத் திருப்பிக் கேட்டால் கொடுங்கள், ஒரு கோப்பையும் அழிக்காதீர்கள். உங்கள் பக்கத்து ஆதாரம் அதில் இருந்தால் எந்தக் கோப்பு, எங்கே இருக்கிறது என்று எழுதி, அதைப் பாதுகாக்கும்படி கேட்டு, ஒப்படைத்ததற்குக் கைச்சாத்து வாங்குங்கள். உங்கள் சொந்தப் போனை முழுவதுமாகக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை; கேட்ட உரையாடலை மட்டும் கமரா முன் காட்டலாம்.

உங்களுக்குச் சாட்சி சொல்லக்கூடியவர்களின் பெயரைக் கொடுங்கள். அவர்கள் எங்கே உட்கார்ந்து பேசுவார்கள் என்பதையும் கேளுங்கள். ஏதாவது பிழையாகத் தெரிந்தால் திருகோணமலையில் உள்ள தொழில் திணைக்கள அலுவலகத்துக்கு நேரில் போய் விசாரிக்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை. போகும்போது நியமனக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, உங்களுக்கு வந்த எல்லாக் கடிதங்களின் பிரதியும், லிங்க் வந்த செய்தியும் கையில் இருக்கட்டும்.